தலை பிடிப்பவனின் கடைவாய்ப் பல்

பல் பிடுங்குகிற தொழிலில் பல்லைப் பிடுங்குவது சின்ன வேலை. தலையைப் பிடிப்பதுதான் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலையை மரக்காணத்தில் பார்த்தவன் நான். சுனாமி வந்துபோன அடுத்த வருஷம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு உரக்கடை மாடியில், பாண்டிச்சேரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பல் ஆஸ்பத்திரி திறந்தார். முதலில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் விரலை யாரோ கடித்துவிட, அவள் மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். அப்போது நான் உப்பளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லாரியில் மூட்டை ஏற்றுவதை டாக்டரம்மா ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். என் படிப்பைக் கேட்கவில்லை, கையை மட்டும் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் நாக்கால் ஏதோ ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான்.

யார் பிடுங்குவது?

எங்கள் டாக்டரம்மா என் தோள் உயரம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மேல் பல் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மரப்பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டு ஏறி நிற்பார். அனுமந்தையிலிருந்து ஒருநாள் மீன்பிடி போட்டு வைத்திருக்கிற ஒரு போட்டுக்காரர் வந்தார். ஆள் கதவளவு இருப்பார். டாக்டரம்மாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு வாயைத் திறந்து காட்டினார்.

நான் டாக்டர் இல்லை, அவர்தான் டாக்டர் என்றேன். அது தெரியும், ஆனால் பல் பிடுங்கத் தெம்பு வேண்டாமா, நீ பிடுங்கு, அந்தம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும் என்றார். டாக்டரம்மாவுக்குக் கோபமே வரவில்லை. சரி, அப்படியே செய்யலாம், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னார். ஊசி போட்டு, மரத்துப்போனதும், இருபது எண்ணுவதற்குள் பல்லைத் தட்டில் போட்டுவிட்டார். போட்டுக்காரர் கண்ணைத் திறந்து பல்லைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படியிறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“கையில நல்ல வாகு இருக்குதுப்பா உனக்கு. ஆனா அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திடாத, பாவம்.”

அப்பா போட்ட பந்தயம்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, பிறக்கும்போதே தெரிந்திருக்கும். டாக்டரம்மா எத்தனையோ பேரிடம் மாய்ந்து மாய்ந்து சொல்லிப் பார்த்தார். கீழ்ப் பல் என்றால் படியேறி வருவார்கள். மேல் பல் என்றால் மாத்திரை மட்டும் போதும் என்பார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சித்திரை வெயிலில் உப்பளத்தில் நின்றிருக்கிறீர்களா? தரை வெள்ளை, குவியல் வெள்ளை, பாத்தியில் நிற்கிற தண்ணீரும் கண்ணைக் குத்தும். நாற்பது வயதானால் பஸ் நம்பரை அடுத்தவரிடம் கேட்க வேண்டிவரும். ஆனாலும் சோறு போடுகிற உப்பை யாரும் குற்றம் சொல்வதில்லை. கண் மங்குவதற்கு முன்னால் எந்தப் பல் போனதோ, பழி அதன் மேல் விழும். எங்கப்பாவுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் சந்தையில் ஒருவன் மேல் பல்லைக் குறடு வைத்துப் பிடுங்கினான். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மங்கி, நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தது. ஆள் தெரியாது. மாதாமாதம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கும். புரை இருக்கிறவர்களை வண்டியில் கூட்டிப்போய், இலவசமாக ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அப்பா ஏறமாட்டார். பல்லால் போன கண்ணை ஆஸ்பத்திரியில் எப்படித் திருப்பித் தருவான் என்பது அவர் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே மாவுக்கட்டு மாவில் செய்த மண்டை ஓடு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அப்பாவின் விரலைப் பிடித்து, பல்லின் வேர் இங்கே, கண் அங்கே, நடுவில் எலும்பு என்று தடவிக் காட்டினார். அப்பா மரியாதையாகத் தடவிப் பார்த்துவிட்டு, இது பொம்மைதானேம்மா என்றார். நான் ஒரு ஓரமாக நின்றிருந்தேன். அந்த நேரம் என் மேல் கடைவாய்ப் பல்லில் உளுந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பா சொன்னார்:

“உங்ககிட்ட வேலை பாக்கிற என் புள்ளைக்கு மேல் பல்லு ஒண்ணு புடுங்கிக் காட்டுங்க. அவன் கண்ணு நல்லா தெரிஞ்சிச்சுன்னா அடுத்த வண்டியில நான் ஏர்றேன்.”

நல்ல பல்

நல்ல பல்லைப் பிடுங்கக்கூடாது என்று டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அப்பா அடுத்த மாதமே வண்டி ஏறியிருப்பார். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. மண்டை ஓட்டை நானும்தான் தடவிப் பார்த்தேன், எனக்கும் அது பொம்மையாகத்தான் தெரிந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு, வலப்பக்கம் மட்டும் மென்று, வருகிறவர்களின் தலையைப் பிடித்தபடி, ஒன்றுமே இல்லை, எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. போட்ட உடனே பிடுங்கமாட்டார்கள். பத்து நிமிஷம் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். உதடு கனக்கும், கன்னம் அடுத்தவருடையது மாதிரி இருக்கும், வலி சுத்தமாக நின்றுவிடும். பெருமுக்கல்லிலிருந்து வந்த ஒரு கடலை வியாபாரிக்கு அப்படி நின்றது. கூப்பிடப் போனால் பெஞ்சில் ஆள் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீ உதட்டில் நிற்காமல் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. இறங்குங்கள், இன்னும் பிடுங்கவில்லை என்றேன். பஸ்ஸே கேட்கிற மாதிரி சொன்னார்:

“பல்லு நல்லாயிடுச்சு தம்பி. நல்லா இருக்கிற பல்லைப் புடுங்கணும்னு பஸ் வரைக்கும் தொரத்திக்கிட்டு வர்றியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?”

யாருடைய பல்?

பஸ் கிளம்பக் கொஞ்சம் தாமதமானதால், கடலை வியாபாரி அதிகத் தூரம் போவதற்குள் ஊசியின் மரப்பு விட்டுவிட்டது. மதியத்துக்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவராகவே திரும்பி வந்து, பேசாமல் நாற்காலியில் ஏறிக்கொண்டார். பல் வந்தது, போய்விட்டார். அடுத்து கூனிமேட்டிலிருந்து வந்த ஒரு பாய். அங்கே கயிறு, வலை எல்லாம் விற்கிற கடை வைத்திருப்பவர். அவர் பல்லையும் எடுத்தாயிற்று. வாயில் பஞ்சோடு எழுந்தவர், பல்லைக் கொடு என்று கையால் சைகை செய்தார். உடம்பிலிருந்து விழுந்ததை மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும், அது அவர்கள் வழக்கம்.

தட்டில் இரண்டு பல் கிடந்தன. இரண்டும் கீழ்க் கடைவாய்ப் பல், இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் வெற்றிலைக் கறை. தட்டைக் கழுவ வேண்டியவன் நான். பெருமுக்கல்காரர் என்னைத் துரத்தவைத்த எரிச்சலில் மறந்துபோனேன். பாய் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, டார்ச் அடிக்கச் சொல்லி, வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் வாயில் இருந்த பல்லை அடையாளம் தெரியவில்லையே என்று அவருக்கே வருத்தமாகிவிட்டது. கடைசியில் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

“பரவால்ல தம்பி, ரெண்டையும் அடக்கம் பண்ணிடறேன். எது யாரோடதுன்னு அல்லாவுக்குத் தெரியும்.”

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்

பிடுங்கிய பிறகு அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருக்க வேண்டும். அன்றைக்குத் துப்பக்கூடாது, சூடாக எதுவும் சாப்பிடக்கூடாது. மறுநாள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். இது டாக்டரம்மா எல்லோருக்கும் சொல்கிற பாடம். எங்கள் தெரு பச்சையம்மாளுக்கும் சொன்னார். உப்பு வாருகிற வேலைக்குப் போகிறவள். கீழ்ப் பல் என்பதால் தைரியமாக வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் உதடெல்லாம் தோலுரிந்து, நாக்கு வெந்துபோய் வந்து நின்றாள். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, சொன்னதைத்தான் செய்தேன் என்றாள். விசாரித்தால், மறுநாள் அளத்துக்குப் போனவள், உப்பு பூக்கப் போகிற பாத்தியில் குனிந்து ஒரு சொம்பு அள்ளி, அதிலேயே ஒரு நாளைக்கு நாலு தரம் கொப்பளித்திருக்கிறாள். வெயிலில் கிடந்த தண்ணீர் ஆனதால் வெதுவெதுப்பாகவும் இருந்ததாம். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பச்சையம்மாள் வலியோடு வாயைக் கோணிக்கொண்டு சொன்னாள்:

“சிட்டிகைன்னு சொன்னீங்கன்னா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க உப்பை மூட்டை மூட்டையாத்தானே பாத்திருக்கோம்.”

மூன்று சவரன் வைத்தியம்

ஐப்பசி மழையில் ஒரு காலை எழுந்தால் என் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் கன்னம் வீங்கிப் போய் நின்றால் எவன் படியேறுவான்? துண்டை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது மீன் விற்கிற அஞ்சலை அக்கா. என்னப்பா வீக்கம் என்று கேட்டார். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். பொன்னுக்கு வீங்கி.

அதற்கு எங்கள் பக்கத்தில் கழுத்தில் தங்கம் போட வேண்டும். அக்கா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தன் கழுத்திலிருந்த மூன்று சவரன் செயினைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். இன்னொருவர் கீழே கடைக்குப் போய் நாமக்கட்டி வாங்கி வந்து, இழைத்து, கன்னத்தில் வெள்ளையாகப் பூசினார். அது ஒட்டிக்கொள்கிற வியாதி என்று அப்புறம்தான் மற்றவர்களுக்கு நினைவு வந்தது. குழந்தையோடு வந்தவர்கள் முதலில் இறங்கினார்கள், பிறகு குழந்தை இல்லாதவர்களும் இறங்கினார்கள்.

டாக்டரம்மா கதவைத் திறந்தபோது பெஞ்சில் அஞ்சலை அக்காவும், செயினும் நாமக்கட்டியுமாக நானும் மட்டும் இருந்தோம். டார்ச்சை எடுத்தார், வாயைத் திறக்கச் சொன்னார், பார்த்தார். எத்தனை மாதமாக என்றார். ஒரு வருஷம் என்றேன். அப்பா அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அஞ்சலை அக்கா எழுந்து வந்து கையை நீட்டினார்.

“பல்லாஸ்பத்திரிக்காரனுக்கே பல்லு வலியா? நீ என் செயினைக் கழட்டுப்பா முதல்ல.”

நாற்காலியில் நான்

வீக்கம் வடிய ஐந்து நாள் மாத்திரை. அதற்குள் ஓடிவிடலாம் என்றால், அஞ்சலை அக்கா மீன் கூடையோடு போன தெருவிலெல்லாம் செய்தியைச் சொல்லிவிட்டார். அப்பா காதுக்கும் போய்விட்டது. அவர் எப்போது என்று மட்டும் கேட்டார். ஆறாம் நாள் அக்கா தன் பல்லையும் காட்ட நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். தலை பிடிக்கிறவன் நாற்காலியில் இருந்தால் தலையை யார் பிடிப்பது என்று அவரே கேட்டு, அவரே வந்து பிடித்துக்கொண்டார். கையில் சங்கரா மீன் வாசனை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எறும்பு இல்லை, கட்டெறும்பு. அதுவும் ஒன்றில்லை. ஆனால் அது ஊசியோடு முடிந்துபோகிறது. அதற்கப்புறம் வலி கிடையாது, அழுத்தம்தான். யாரோ மண்டையைப் பிடித்து அசைக்கிற மாதிரி இருக்கும், கரும்பை முறிக்கிற சத்தம் ஒன்று காதுக்குள்ளேயே கேட்கும். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: இனிமேல் என் மகளின் முகத்தைப் பார்க்க முடியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தட்டில் பல் விழுந்த சத்தம் கேட்டது. பஞ்சு வைத்தார்கள். அக்கா தலையை விட்டுவிட்டார். நான் திறக்கவில்லை. இருட்டாக இருந்தால் என்ன செய்வது? டாக்டரம்மா சொன்னார்:

“கண்ணைத் திறங்க ஏழுமலை, பல்லு எடுத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. அக்காவுக்கு நாற்காலி வேணும்.”

ஊசியும் நூலும்

டியூப் லைட் இருந்தது. சுவரில் காலண்டர் இருந்தது. ஒரு கண்ணை மூடிப் படித்தேன், மறு கண்ணை மூடிப் படித்தேன். ராகு காலம் வரைக்கும் தெரிந்தது. பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா அதை விரலால் உருட்டிப் பார்த்தார். கண் தெரிகிறதா என்றார். பஞ்சைக் கடித்துக்கொண்டே நன்றாகத் தெரிகிறது என்றேன். அவர் நம்பவில்லை. நான் ஆஸ்பத்திரி ஆள், ஆஸ்பத்திரிக்குச் சாதகமாகத்தான் சொல்வேன் என்றார். அதுவும் நியாயம்தான். கண் தெரியாத மனிதர் அடுத்தவன் கண்ணை எப்படிச் சோதிப்பது? கொஞ்சம் யோசித்துவிட்டு, என் மனைவி வள்ளியைக் கூப்பிட்டு ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். நூலை நான்தான் கோக்க வேண்டும். அவள் உதவிவிடக் கூடாது என்பதற்காக, வாசலில் நின்று பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். அவளும் தட்டினாள். பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தலாம் என்றால் உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. நாலு தரம் தவறிவிட்டது. ஒவ்வொரு தரமும் அப்பாவின் முகம் மாறியது. ஐந்தாம் தரம் கோத்துக் கையில் கொடுத்தேன். ஊசியைப் பிடித்து, நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்தார். இன்றைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியுமா என்றார். மறுநாளும் கோத்தேன். முகாம் வண்டி வருகிற வரைக்கும் எட்டு நாள், காலையில் கஞ்சிக்கு முன்னால் நான் ஊசியில் நூல் கோத்தேன், வள்ளி வாசலில் பாத்திரம் தட்டினாள்.

எட்டாம் நாள் நூலை இழுத்துப் பார்த்தவர், ஊசியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு சட்டையைக் கேட்டார். நான் போட்டுவிட்டேன். பொத்தான் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷம் முன்னால் வாயைத் திறந்திருக்கலாம். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

“அப்ப என் கண்ணைப் பல்லு கொண்டுபோகலடா, உப்புதான் கொண்டுபோயிருக்குது. முப்பது வருஷமா ஒரு பாவமும் அறியாத பல்லைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வா, வண்டி போயிடப்போவுது.”

ஆகவே பல் பிடுங்கப் போகிறவர்களுக்கு, டாக்டர்கள் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லிவைக்கிறேன்: ஐஸ் கட்டி வாங்கி வைக்கிறீர்களோ இல்லையோ, வீட்டில் ஒரு ஊசியும் நூலும் தயாராக எடுத்துவைத்துவிட்டுப் போங்கள்.